கோப்புக்கு ஒன்பது வருடம், தையலுக்கு மூன்று

இந்திய ராணுவத்துக்கு 1.86 லட்சம் குண்டு துளைக்காத கவச உடைகள் வாங்க 2009-ல் ஒப்புதல் கிடைத்தது. 639 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானதோ 2018 ஏப்ரலில்! நடுவில் 2016-ல் அவசரத்துக்கு 50,000 வாங்கினார்கள். அத்தனை உடைகளையும் செய்து கொடுக்க நிறுவனத்துக்கு விதித்த கெடு 3 ஆண்டுதான்.

தாமதம் என்றாலே தொழிற்சாலையைத் திட்டுவது நம் வழக்கம். இங்கே காலத்தைத் தின்றது டெண்டர், களச் சோதனை, விலைப் பேச்சு என்று ஒன்று முடிந்தபின்தான் அடுத்தது என்கிற வரிசை. மாதிரி சோதனையில் தேறவில்லையா, பரமபதத்தில் பாம்பு கடித்த மாதிரி மறுபடி கீழே. ஊழலைத் தடுக்கத்தான் இத்தனை கட்டம் என்பார்கள். கட்டங்கள் இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் கெடு வைத்தால் எந்த ஊழல் வளர்ந்துவிடும்?

"கிடங்கில் நிறைய வாங்கி அடுக்கலாமே" என்றும் சிலர் சொல்கிறார்கள். சரக்கு வர எவ்வளவு நாளாகுமோ, அவ்வளவு நாளுக்கும் கையிருப்பு வேண்டும். ஆனால் வெடிமருந்துக்கு ஆயுட்காலம் உண்டு, அரிசி மூட்டைக்குப் போலவே. 40 நாள் போருக்கு இருப்பு வேண்டும் என்பது அப்போதைய விதி. 2013 மார்ச்சில் பாதி வகைத் தோட்டா, குண்டுகள் 10 நாளுக்குக்கூட இல்லை என்று தணிக்கைத் துறை 2015-ல் எழுதியது.