கதவை அடைத்தால் வேலை தங்குமா?

2025-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி, அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

வெளிநாட்டில் இருக்கும் ஒரு என்ஜினீயரைப் புதிதாக வேலைக்கு அழைக்க வேண்டுமா? அப்படியானால், அமெரிக்கக் கம்பெனி 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும்!

அன்றைய மதிப்பில் அது சுமார் 88 லட்சம் ரூபாய். அதுவரை இந்தச் செலவு சில ஆயிரம் டாலரில் முடிந்து கொண்டிருந்தது.

உத்தரவு இரண்டே நாளில் அமலுக்கு வந்தது. லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தவர்கள் பதறிப் போனார்கள். உடனே திரும்பி வரும்படி பெரிய கம்பெனிகள் தகவல் அனுப்பின. கிடைத்த விமானத்தில் ஏறி ஓடியவர்கள் பலர். இந்தக் கட்டணம் புதிதாக விண்ணப்பம் போடுகிறவர்களுக்குத்தான், ஏற்கனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இல்லை என்று அரசாங்கம் விளக்கம் சொன்ன பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது.

எதற்காக இப்படி ஓர் உத்தரவு?

அமெரிக்காவில் உள்ள வேலை அமெரிக்கர்களுக்கே கிடைக்க வேண்டும் என்பது ஜனாதிபதியின் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எந்த நாட்டு அரசாங்கமும் தன் மக்களுக்குத்தான் முதலில் வேலை தேட வேண்டும்.

ஆனால், ஆளை வர விடாமல் தடுத்தால் வேலை அமெரிக்காவிலேயே தங்கி விடுமா?

தங்காது. ஆள் வராவிட்டால், வேலை ஆளைத் தேடிக்கொண்டு போய்விடும். இதுவரை நடந்தது அதுதான்.

அது என்ன விசா?

வேற்று நாட்டுக்குள் நுழைய அந்த நாடு கொடுக்கும் அனுமதிதான் விசா. அதில் பல வகை உண்டு. படித்த தொழில் நிபுணர்களுக்கு அமெரிக்கா கொடுப்பதன் பெயர் "எச்-1பி". 1990-ம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது.

இதற்கு நாம் விண்ணப்பம் போட முடியாது. வேலை கொடுக்கும் கம்பெனிதான் போட வேண்டும். முதலில் 3 ஆண்டு. பிறகு இன்னும் 3 ஆண்டு.

ஓர் ஆண்டுக்கு 65 ஆயிரம் பேருக்குத்தான் விசா என்பது கணக்கு. அமெரிக்காவிலேயே மேல்படிப்பு படித்தவர்களுக்காக இன்னும் 20 ஆயிரம் உண்டு. இடையில் 2001 முதல் 2003 வரை இதை 1 லட்சத்து 95 ஆயிரமாக உயர்த்தியிருந்தார்கள். 2004-ல் பழையபடி 65 ஆயிரத்துக்கே இறக்கிவிட்டார்கள்.

கேட்பவர்கள் எத்தனை பேர்? 2025-ம் ஆண்டு 3 லட்சத்து 43 ஆயிரத்து 981 விண்ணப்பங்கள் தகுதி பெற்றன. இவ்வளவு பேருக்கும் கொடுக்க முடியாது. ஆகவே குலுக்கல்! 1 லட்சத்து 20 ஆயிரத்து 141 விண்ணப்பங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். (சிலர் பாதியில் விலகிவிடுவார்கள் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே எடுப்பது வழக்கம்.)

படிப்பு ஒரு பக்கம், திறமை ஒரு பக்கம் கிடக்க, தலையெழுத்தை முடிவு செய்தது குலுக்கல் சீட்டு!

2025 டிசம்பரில் இந்த முறையை மாற்றினார்கள். சம்பளம் அதிகம் உள்ளவருக்குக் குலுக்கலில் வாய்ப்பும் அதிகம் என்று விதி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதைவிட இது மேல்தான். ஆனால், அப்போதுதான் படித்து முடித்து வெளியே வந்த பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் பெரிய சம்பளம் யார் கொடுப்பார்கள்?

இந்த விசா பெறுகிறவர்களில் 100-க்கு 71 பேர் இந்தியர்கள். நம் ஊர்க் குடும்பங்களில் இவ்வளவு கவலை ஏன் என்பது இதிலிருந்தே விளங்கும்.

எட்டு முறை "இல்லை"

எரிக் யுவான் என்று ஒருவர். சீனாவில் பிறந்தவர். கம்ப்யூட்டர் என்ஜினீயர்.

அமெரிக்கா போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. விசா கேட்டார். இல்லை என்றார்கள். மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லை. இப்படி எட்டு முறை! ஒன்பதாவது முறைதான் கிடைத்தது. 1997-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அப்போதுதான் முளைத்திருந்த ஒரு சிறிய கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

2011-ல் சொந்தமாக ஒரு கம்பெனி ஆரம்பித்தார்.

அந்தக் கம்பெனிதான் "ஜூம்"!

2020-ல் கொரோனா வந்து பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. அப்போது நம் குழந்தைகளில் எத்தனையோ பேர் இந்த ஜூமில்தானே பாடம் படித்தார்கள்? அந்தக் கம்பெனியில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கிறார்கள். எட்டாவது முறையோடு அவர் மனம் ஒடிந்து சீனாவிலேயே தங்கியிருந்தால், அத்தனை வேலையும் அமெரிக்காவில் பிறந்திருக்காது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. டில்லியைச் சேர்ந்த குணால் பஹல் அமெரிக்காவில் படித்தார். மைக்ரோசாப்ட் கம்பெனியில் வேலை பார்த்தார். விசா கிடைக்கவில்லை. 2007-ல் இந்தியாவுக்குத் திரும்பினார். 2010-ல் "ஸ்நாப்டீல்" என்ற வியாபாரக் கம்பெனியை நண்பருடன் சேர்ந்து தொடங்கினார்.

விசா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு, எதிரே நிற்பவர் நாளைக்கு என்ன ஆவார் என்று தெரியாது. அது அவர் குற்றம் அல்ல. யாருக்குமே தெரியாது. அதனால்தான் வாசலைக் கொஞ்சம் அகலமாக வைக்க வேண்டும் என்கிறேன்.

வேலை எங்கே போனது?

மைக்ரோசாப்டின் தலைமை அலுவலகம் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. அங்கிருந்து காரில் சில மணி நேரம் போனால் எல்லை. எல்லையைத் தாண்டினால் கனடா நாட்டின் வான்கூவர் நகரம்.

2007-ல் அந்தக் கம்பெனி வான்கூவர் பக்கத்தில் ஓர் அலுவலகம் திறப்பதாக அறிவித்தது. ஏன்? அமெரிக்காவின் குடியேற்றச் சிக்கலால் பாதிக்கப்பட்ட திறமைசாலிகளை அங்கே வைத்துக் கொள்ளலாம் என்று அந்தக் கம்பெனியே வெளிப்படையாகச் சொன்னது!

இது ஒரு கம்பெனியின் கதை. மற்றவை?

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரிட்டா கிளெனன் என்ற பெண் ஆராய்ச்சியாளர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். 2004-ல் விசா எண்ணிக்கையைக் குறைத்தார்கள் அல்லவா? அதன் பிறகு, பல நாடுகளில் கிளை உள்ள அமெரிக்கக் கம்பெனிகள் என்ன செய்தன என்று ஆராய்ந்தார்.

10 விசா மறுக்கப்பட்டால், வெளிநாட்டுக் கிளைகளில் சில வேலைகள் புதிதாக முளைத்தன. நிறைய நாடுகளில் கிளை வைத்திருந்த கம்பெனிகளிலோ 9 வேலை! அவை போன இடங்கள் முக்கியமாக இந்தியா, சீனா, கனடா.

கனடா இதைக் கவனிக்காமல் இருக்குமா? 2023 ஜூலையில், அமெரிக்காவில் எச்-1பி வைத்திருப்பவர்கள் 10 ஆயிரம் பேரை வேலைக்கு வரவேற்று விண்ணப்பம் வாங்கத் தொடங்கியது. இரண்டே நாளில் 10 ஆயிரம் விண்ணப்பமும் வந்து, கதவை மூடினார்கள்!

இந்தியாவிலும் வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் வேலைக்காகவே நடத்தும் அலுவலகங்கள் 2024-ல் 1,700-ஐத் தாண்டிவிட்டன. அவற்றில் சுமார் 19 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். எல்லாம் விசாக் கெடுபிடியால் வந்தவை என்று சொல்லமாட்டேன். இங்கே சம்பளச் செலவு குறைவு என்பதும் பெரிய காரணம். ஆனால், போகலாமா வேண்டாமா என்று யோசித்துக் கொண்டிருந்த கம்பெனியைக் கெடுபிடி பிடித்துத் தள்ளிவிடுகிறது.

இதில் உண்மையில் அடிபடுவது யார்? பெரிய கம்பெனி பணம் கட்டும். இல்லாவிட்டால் வேறு நாட்டில் கிளை திறக்கும். பத்துப் பேர் சேர்ந்து ஒரு சிறு அறையில் நடத்தும் புதுக் கம்பெனி என்ன செய்யும்? ஓர் ஆளுக்கு 1 லட்சம் டாலர் கட்டினால், அதன் முதலில் பாதி அதிலேயே போய்விடும்!

கம்ப்யூட்டர் வேலை தனி ஆள் வேலை அல்ல. வீடு கட்டுவது மாதிரி. கொத்தனார் வராவிட்டால் சித்தாளுக்கும் அன்று வேலை கிடையாது. முக்கியமான ஒரு என்ஜினீயர் கிடைக்காவிட்டால், அவரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டிய அமெரிக்கர்களுக்கும் அந்த வேலை இல்லை.

அந்தக் கோபமும் பொய் அல்ல

எதிர்ப்பவர்கள் பக்கத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது.

அமெரிக்காவில் டிஸ்னி கம்பெனி தன் கம்ப்யூட்டர் ஊழியர்கள் சுமார் 250 பேரை நீக்கியது 2015-ல் பெரிய செய்தி ஆயிற்று. போகிறவர்களில் சிலர், தங்கள் இடத்துக்கு விசாவில் வந்தவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. நம் வீட்டில் ஒருவருக்கு இப்படி நடந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

இதற்குக் காரணம் விசாவின் எண்ணிக்கை அல்ல. விசாவில் உள்ள கட்டு. வேலை போனால், 60 நாளுக்குள் வேறு கம்பெனி பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். நிரந்தரமாகத் தங்க "கிரீன் கார்டு" வேண்டும். வேலை மூலமாக அது கிடைப்பது ஆண்டுக்கு சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேருக்கு. அதிலும் ஒரு நாட்டுக்காரருக்கு 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது. இந்தியர்கள் பத்து, இருபது ஆண்டு என்று காத்துக் கிடக்கிறார்கள். இப்படிக் கட்டிப் போட்ட ஆள் சம்பளம் கூட்டிக் கேட்பாரா?

கட்டை அவிழ்த்துவிட்டால் அவரும் நல்ல சம்பளம் கேட்பார். மலிவான ஆள் என்று அவரைக் கொண்டுவர யாருக்கும் தோன்றாது. அமெரிக்கத் தொழிலாளிக்கு அதுதான் பாதுகாப்பு. 1 லட்சம் டாலர் கட்டணம் இந்தக் கட்டைத் தொடவே இல்லை.

நமக்கு லாபம்தானே?

"வேலை சென்னைக்கு வந்தால் நமக்கு நல்லதுதானே" என்று கேட்கலாம். நல்லதுதான். பழைய மகாபலிபுரம் சாலையில் போய்ப் பார்த்தால் தெரியும். ஆனால், அந்த லாபம் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி வருவதில்லை.

மகனை அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்கு அனுப்பிய குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருப்பார்கள். அங்கே படிப்பு முடிந்ததும் ஓர் ஆண்டு வேலை பார்க்கலாம். விஞ்ஞானம், என்ஜினீயரிங் படித்தவர் மூன்று ஆண்டு வரை பார்க்கலாம். அதற்குள் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். படித்த இடத்திலிருந்தே விசா மாற்றுகிறவர்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் இல்லை என்று 2025 அக்டோபரில் விளக்கம் வந்தது. குலுக்கலிலிருந்து விலக்கு இல்லை.

பெயர் விழாவிட்டால் பையன் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இங்கேயும் அவனுக்கு வேலை கிடைக்கும். ஆனால், டாலர் சம்பளத்தை நம்பி வாங்கிய கடனின் மாதத் தவணையை, ரூபாய்ச் சம்பளத்தில் கட்டியாக வேண்டும்.