விளையாட்டுச் சாமானும் சுறுமாப் போத்தலும்

பெருநாள் நெருங்கினால் யாழ்ப்பாணக் கடைத்தெருவில் பெயர் தெரியாத கம்பனிகளின் விளையாட்டுச் சாமான்கள் குவியும். அவற்றின் பளிச்சென்ற பூச்சில் ஈயம் இருக்கலாம் என்று எத்தனை பேர் யோசிக்கிறோம்?

சட்டம் புதிதல்ல. சுற்றாடல் நீதிக்கான மையம் உயர் நீதிமன்றம் சென்றது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை 2011இல் வர்த்தமானி மூலம் எல்லை விதித்தது. 2013 ஜனவரி 1 முதல் நடைமுறை. விளையாட்டுப் பொருள்களுக்கான பெயின்ட்டில் 90 பிபிஎம், எனமலுக்கோ 600. பிள்ளை கடிப்பது விளையாட்டுச் சாமானை மட்டுமா? ஜன்னலும் கதிரையும் எனமல்தானே. மீள்குடியேறி வீடு திருத்துவோர் பழைய பூச்சைச் சுரண்டும்போது பிள்ளைகளைத் தூர அனுப்புங்கள்.

ஈயத்தில் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உட்செல்லும் ஈயத்தைச் சிறுபிள்ளையின் உடல் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு உறிஞ்சும். மூளை பாதிக்கப்படும். வகுப்பில் நாம் அதைக் 'கவனமில்லாத பிள்ளை' என்று எழுதிவிடுகிறோம்.

பெயின்ட் சட்டத்துக்குள் வராத ஒன்று நம் வீட்டிலேயே உண்டு: சுறுமா. நபி (ஸல்) அவர்கள் சொன்னது இத்மித், அதாவது அஞ்சனக்கல். இன்று விற்கப்படும் பல சுறுமாக்களோ ஈய சல்பைட்டின் தூள். அமெரிக்காவில் அதன் விற்பனைக்கே அனுமதியில்லை. சுன்னத்தின் பெயரால் கைக்குழந்தையின் கண்ணில் ஈயத்தைத் தீட்டுவது எப்படிச் சரியாகும்? உம்ராவிலிருந்து வரும் போத்தல்களைப் பற்றி கதீப்மார் ஒரு ஜும்ஆவிலாவது பேசட்டும்.