சாவிலுமா சலுகை? பெல்பாஸ்ட் பிரேத ஊர்வலமும் சுகாதாரச் சட்டமும்

ஒரு மனிதன் செத்தால் அவனுக்காக அழுவதற்கு எந்தச் சர்க்காரின் உத்தரவும் வேண்டியதில்லை. ஆனால் தொத்து வியாதி ஊரை வாரிக்கொண்டு போகிற காலத்தில், அழுவதற்கு எத்தனை பேர் கூடலாம் என்று சர்க்கார் கணக்கு வைக்க வேண்டியதாகிவிடுகிறது. அந்தக் கணக்கு ஏழைக்கு ஒன்று, மந்திரிக்கு ஒன்று என்று இருக்கலாமா என்பதே நாம் எடுத்துக்கொண்ட விஷயம். 2020-ம் வருஷம் வட அயர்லாந்தில் நடந்த ஒரு பிரேத ஊர்வலம் இதற்கு நல்ல பாடமாகும்.

அந்நாட்டுச் சங்கதியைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். 1921-ல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது வடக்கே ஆறு ஜில்லாக்கள் பிரிட்டனோடு நிறுத்திக்கொள்ளப்பட்டன. அங்கே பெரும்பாலும் கத்தோலிக்கராயுள்ள ஒரு சாரார் அயர்லாந்து முழுவதும் ஒரே குடியரசாக வேண்டுமென்கிறார்கள். பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகளாயுள்ள மற்றொரு சாரார் பிரிட்டனோடேயே இருப்போம் என்கிறார்கள். முப்பது வருஷ காலம் ஒருவரையொருவர் சுட்டும் வெடிவைத்தும் சுமார் 3,500 பேர் மாண்ட பிறகு 1998-ல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி இரு சாராரும் சேர்ந்தே மந்திரி சபை நடத்த வேண்டும். முதல் மந்திரி ஒரு சாராரிடமிருந்தும், துணை முதல் மந்திரி மற்ற சாராரிடமிருந்தும் வருவார்கள். பெயரில்தான் துணையே தவிர அதிகாரத்தில் இருவரும் சமம். 2020-ல் முதல் மந்திரி பிரிட்டன் கட்சியைச் சேர்ந்த அர்லீன் பாஸ்டர் அம்மையார். துணை முதல் மந்திரி குடியரசுக் கட்சியாகிய சின் பெயினைச் சேர்ந்த மிஷேல் ஓநீல் அம்மையார்.

கொரோனா வந்ததும் இவ்விரு அம்மையார்களும் ஒரே மேடையில் நின்று ஜனங்களுக்குப் புத்தி சொன்னார்கள். கூட்டம் கூடாதீர்கள், விலகி நில்லுங்கள், சாவு வீட்டுக்கும் போகாதீர்கள் என்றார்கள். ஜனங்களும் கேட்டார்கள். பெற்ற தாயின் பெட்டியைத் தெருவில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள் அந்நாட்டில் எத்தனையோ பேர். நம் நாட்டிலும் 2020 மார்ச்சில், சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடக்கூடாதென்று இந்திய சர்க்கார் உத்தரவு போட்டது தோழர்களுக்கு நினைவிருக்கும். அந்தத் துக்கம் எப்படிப்பட்டதென்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க, 2020 ஜூன் 21-ல் பாபி ஸ்டோரி என்பவர் தமது 64-வது வயதில் இறந்துபோனார். இவர் ஐ.ஆர்.ஏ. என்னும் ஆயுதப் படையில் முக்கியஸ்தராயிருந்தவர். இருபது வருஷங்களுக்கு மேல் சிறையில் கிடந்தவர். 1983-ல் மேஸ் சிறையிலிருந்து 38 கைதிகள் தப்பினார்களே, அதில் ஒருவர். பிறகு சமாதான வழிக்கு வந்து கட்சி வேலை செய்தவர். ஜூன் 30-ந் தேதி மேற்கு பெல்பாஸ்டில் அவருடைய ஊர்வலம் நடந்தது. வெளியில் 30 பேருக்கு மேல் கூடக்கூடாதென்பது அன்றைய விதி. தெருவிலே நின்றவர்களோ சுமார் 1,800 பேர் என்று மதிப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கழுத்துப் பட்டையும் அணிந்த தொண்டர்கள் வழிநெடுக நின்றார்கள். மில்டவுன் மயானத்தில் ஜெரி ஆடம்ஸ் பிரசங்கம் செய்தார். இதற்கெல்லாம் நடுவே விதியைப் போட்ட சபையின் துணை முதல் மந்திரியும் இருந்தார். தோளோடு தோள் ஒட்டி நின்று அவர் எடுத்துக்கொண்ட படமும் வெளியாயிற்று.

பிறகு பிரேதம் ரோஸ்லான் என்னுமிடத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. பிரேதத்தை எரிப்பதற்கு வட அயர்லாந்து முழுமைக்கும் அப்போது அந்த ஒரு நிலையந்தான். இங்கே நடந்ததுதான் நமது மனதை உறுத்துகிறது. ஸ்டோரியின் கூட்டத்தாரில் சுமார் 30 பேர் உள்ளே விடப்பட்டார்கள். அதே நாளில் அதே இடத்தில் எரிக்கப்பட்ட வேறு எட்டுப் பேருடைய குடும்பத்தாருக்கு அந்த அனுமதி இல்லை. ஊர்வலக்காரரைப் போலவே அந்த எட்டுக் குடும்பத்தாரும் வரி கொடுக்கிறவர்கள்தானே? அவர்கள் பெற்றதும் வளர்த்ததும் மனிதப் பிறவிகளைத்தானே? பின்னர் பெல்பாஸ்ட் நகரசபையார் அந்த எட்டுக் குடும்பங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். எரிந்துபோன பிரேதத்துக்கு முன்னால் மறுபடியும் நிற்கவைக்க எந்த நகரசபையால் முடியும்?

ஓநீல் அம்மையார் முதலில், தாம் விதிக்குட்பட்டே நடந்ததாகவும், நண்பருடைய சாவுக்குப் போனதற்காக ஒருக்காலும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை என்றும் சொன்னார். நண்பருக்காக அவர் துக்கப்பட்டதை நாம் குற்றம் சொல்லவில்லை. ஆனால் நண்பர்களை இழந்தவர் அவர் ஒருவர்தானா? மற்றவர்களெல்லாம் நண்பரில்லாத அனாதைகளா? தலைவருக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் நோய் தணிந்த பிறகு பெரிய மகாநாடே கூட்டியிருக்கலாம். செத்தவர் அதற்குக் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஜனங்கள் தாமாகவே வந்து நின்றார்கள் என்பதும் ஒரு சமாதானமாகாது. அவ்வளவு தொண்டர்களை வரிசையாக நிறுத்தக்கூடிய கட்டுப்பாடுள்ள கட்சி, அதே கட்டுப்பாட்டைக்கொண்டு ஜனங்களை வீட்டிலே நிறுத்தியிருக்க முடியாதா? நோய்க் கிருமிக்குத் தியாகியும் தெரியாது, கொடியும் தெரியாது. கத்தோலிக்க நெஞ்சையும் புராட்டஸ்டண்டு நெஞ்சையும் அது ஒன்றுபோலவே அடைக்கும்.

இவ்விஷயத்தில் போலீசாருடைய யோக்கியதையையும் பார்க்க வேண்டும். இதற்கு 24 நாளைக்கு முன், ஜூன் 6-ந் தேதி, கறுப்பு மக்களின் உயிருக்கும் மதிப்புண்டு என்று சொல்லி பெல்பாஸ்டிலும் டெரியிலும் கூடினவர்களுக்கு அதே போலீசார் அங்கேயே சுமார் 70 அபராதச் சீட்டுகள் எழுதினார்கள். அது அநியாயமான நடத்தை என்று போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி 2020 டிசம்பரில் தீர்ப்புச் சொல்ல, போலீஸ் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஆள்பலமில்லாத வாலிபர்களுக்கு உடனே சீட்டு. பெரிய கட்சியின் ஊர்வலத்துக்கு முன்கூட்டியே கலந்து பேசி ஏற்பாடு! 2021 மார்ச் 30-ல் அரசாங்க வழக்குத்துறையார், சம்பந்தப்பட்ட 24 பேர்மீதும் வழக்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, விதிகள் அடிக்கடி மாற்றப்பட்டு ஒன்றுக்கொன்று பொருந்தாமல் தெளிவற்றிருந்தன. மற்றொன்று, போலீசாரே முன்னதாக ஏற்பாட்டாளர்களோடு பேசியிருந்தார்கள். வழக்குத்துறையார் சொன்னது சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். விதியைத் தெளிவில்லாமல் செய்தது யார்? அந்த மந்திரி சபைதானே! தாமே குழப்பமாக எழுதி, அந்தக் குழப்பத்தின் நிழலிலேயே தாமும் தம் கட்சியாரும் ஒதுங்கிக்கொள்வதென்றால், அந்த நிழல் எட்டுக் குடும்பங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?

எதிர்க்கட்சியாரும் யோக்கியர்கள் என்று நாம் சொல்லவரவில்லை. எட்டுக் குடும்பத்தாரின் கண்ணீர் அவர்களுக்கு அரசியல் முதலாயிற்று. இரு மந்திரிகளும் ஒன்றாக நின்று ஜனங்களோடு பேசுவது செப்டம்பர் வரையில் நின்றுபோயிற்று. நோய்க்கு அதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? வழக்கில்லை என்றதும் போலீஸ் தலைவர் பதவி விலக வேண்டுமென்று பிரிட்டன் கட்சியார் கூச்சலிட்டார்கள். போலீசார் பக்ஷபாதம் காட்டவில்லை என்று 2021 மே மாதத்தில் விசாரணை அறிக்கை வந்தது. அதற்குள் ஏப்ரல் மாதம் அவர்கள் பக்கத்துச் சிறுவர்கள் தெருவில் பெட்ரோல் குண்டு வீசினார்கள். கடல் வர்த்தக எல்லை போன்ற வேறு பல காரணங்களும் அதற்கு உண்டு. ஆயினும் சட்டம் ஆளுக்கொரு விதம் என்கிற எண்ணம் அந்த நெருப்புக்கு எண்ணெயாயிற்று.

லண்டன் கதையும் இதுவே. 2021 ஏப்ரல் 17-ல் தன் புருஷனின் சாவுச் சடங்கில் ராணி தனியே ஓர் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார். வந்தவர் 30 பேரே. ராஜாக்களும் ராணிகளும் ஒரு நாட்டுக்கு வேண்டுமென்று நாம் சொல்லுகிறவர்கள் அல்ல. ஆனால் எல்லா மனிதரும் சமம் என்று பேசும் குடியரசுவாதிகள் செய்ய மறந்ததை, பிறப்பினால் உயர்வு பெற்ற ஒரு கிழவி செய்து காட்டினார் என்பது குடியரசுவாதிகளுக்கு வெட்கமில்லையா? அதற்கு முந்தின இரவுதான் பிரதம மந்திரியின் மாளிகையில் உத்தியோகஸ்தர்கள் குடியும் கூத்துமாயிருந்தார்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

ஓநீல் அம்மையார் ஜனங்களின் மனம் புண்பட்டதற்கு 2021-ல் வருத்தம் தெரிவித்தார். 2024 பிப்ரவரியில் முதல் மந்திரியானார். அவ்வருஷம் மே மாதம் கொரோனா விசாரணைக் கமிஷன் முன்பு, தாம் போனதே தவறு என்று மன்னிப்புக் கேட்டார். கேட்டதை வரவேற்கிறோம். ஆனால் நாலு நாளில் சொல்ல வேண்டிய வார்த்தைக்கு ஏறக்குறைய நாலு வருஷம் பிடித்தது.

சுகாதார விதி என்பது போலீஸ் தடியினால் நிற்பதல்ல. பக்கத்து வீட்டுக்காரனும் நம்மைப்போலவே கஷ்டப்படுகிறான் என்கிற நம்பிக்கையால் நிற்பது. அந்த நம்பிக்கையை ஒரு மந்திரி ஒரு பகற்பொழுதில் உடைத்துவிடலாம். திரும்பக் கட்டுவதற்கு வருஷங்கள் வேண்டும். ஆகவே தோழர்களே, இன்னொரு நோய் வரும் காலத்தில் உங்கள் தலைவர் யாராயிருந்தாலும், நம் கட்சியாராகவே இருந்தாலும், முதலில் ஒரு கேள்வி கேளுங்கள். "எங்கள் வீட்டுச் சாவுக்கு எத்தனை பேர்? உங்கள் வீட்டுச் சாவுக்கு எத்தனை பேர்?" இரண்டுக்கும் பதில் ஒன்றாயிருந்தால் அவருக்குக் கீழ்ப்படியுங்கள். இல்லாவிட்டால் அவர் வாயிலிருந்து சமத்துவம் என்கிற வார்த்தை வரும்போதெல்லாம் ரோஸ்லான் வாசலில் நின்ற எட்டுக் குடும்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.