இரண்டு சென்டிமீட்டர் போர்ட்டர்

மாடல் ரயில் பிரியர்களுக்கு இந்தியாவில் ஒரு மனக்குறை உண்டு. தண்டவாளம் கிடைக்கிறது, இன்ஜின் கிடைக்கிறது, சிக்னலும் கிடைக்கிறது. பயணிகள்தான் கிடைப்பதில்லை. வெளிநாட்டுப் பொம்மைப் பெட்டியைப் பிரித்தால் தொப்பியும் கோட்டும் அணிந்த கனவான்கள் இறங்குகிறார்கள். புடவை கட்டிய பெண், டீ விற்பவர், தலையில் சூட்கேஸ் சுமக்கும் சிவப்புச் சட்டை போர்ட்டர் - இவர்கள் இல்லாமல் அது என்ன இந்திய பிளாட்பாரம்? வீட்டிலேயே வார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

1:87 என்ற ஹெச்ஓ அளவில் சராசரி மனிதரின் உயரம் சுமார் 2 செ.மீ. மெழுகிலோ களிமண்ணிலோ செய்த மூல உருவத்தின் மேல் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி இறுகவிட்டால் அச்சு தயார். அதற்குள் எந்தப் பிளாஸ்டிக்கை ஊற்றுவது? சிக்கல் இங்கேதான் ஆரம்பம்.

பழைய பக்கெட்டை உருக்கி ஊற்றலாமே என்று தோன்றும். கூடாது. கடைப் பொம்மைகள், உருகிய பிளாஸ்டிக்கை மிகுந்த அழுத்தத்தில் உலோக அச்சுக்குள் செலுத்தித் தயாரிக்கப்படுபவை. அடுப்பில் உருகும் பிளாஸ்டிக் பாகுபோலத்தான் நகரும்; போர்ட்டரின் விரல்வரை போய்ச் சேராது. அது பிவிசியாக இருந்துவிட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வேறு. வீட்டு வார்ப்புக்கு ஏற்றவை, திரவமாக வந்து, இன்னொரு திரவத்தோடு கலந்ததும் இறுகும் பிசின்கள்.

இவற்றில் மலிவானது பாலியெஸ்டர். ஃபைபர் கிளாஸ் பட்டறைகளில் புழங்குவது. ஸ்டைரீன் நெடி தலையைச் சுற்றவைக்கும். இறுகும்போது சுருங்கும், மெல்லிய கைகள் சுலபமாக முறியும். இதை இறுகவைக்கும் பெராக்சைடு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். வேகம் கூட்டும் கோபால்ட் திரவத்தோடு பெராக்சைடு நேரடியாகச் சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். இது பட்டறையிலேயே இருக்கட்டும்.

வெளிநாட்டுப் பொம்மைப் பிரியர்களின் செல்லம் பாலியூரித்தேன். அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடும். சட்டைப் பொத்தான்கூடத் தெளிவாக விழும். அரை மணி நேரத்தில் போர்ட்டர் கைக்கு வந்துவிடுவார். ஆனால் இதன் ஒரு பாதியான ஐசோசயனேட்டுக்கு ஈரம் ஆகாது. தண்ணீர் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். பொம்மை நுரைத்துப் போகும். ஜூலை மாத மும்பையில் டப்பாவைத் திறந்துவைத்தாலே போதும்.

ஐசோசயனேட் என்றதும் போபால் நினைவுக்கு வரும். 1984ல் அங்கே கசிந்த மீதைல் ஐசோசயனேட் இதே குடும்பம்தான். வார்ப்புப் பிசினில் பெரும்பாலும் இருப்பது எம்டிஐ என்ற உறவினர், எளிதில் ஆவியாகாதது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. ஆனாலும் அசட்டை கூடாது. இதைச் சுவாசித்து ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும்.

மிச்சமிருப்பது எபாக்ஸி. அரால்டைட் பசையின் ஜாதி. நெடி குறைவு, சுருக்கம் குறைவு, ஈரக் காற்றில் நுரைப்பதில்லை. ஆனால் இறுக ஒரு நாளாவது ஆகும். திரவம் கெட்டி என்பதால் காற்றுக் குமிழி சிக்கிக்கொள்ளும். முதலில் தூரிகையால் அச்சின் உட்புறம் பூசிவிட்டு மெதுவாக ஊற்ற வேண்டும். ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்ற கணக்கு இங்கே செல்லாது; கிடைப்பது பிசுபிசுப்புதான். தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும். தோலில் பட்டால் அரிப்பு, தடிப்பு வரலாம் என்பதால் கையுறை கட்டாயம்.

குமிழியை நசுக்க சமையல் குக்கருக்குள் அச்சை வைத்துக் காற்றடிக்கும் விபரீத யோசனையும் சிலருக்கு வரலாம். இதற்கென்றே உள்ள கலன்களில் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டுவரை அழுத்தம் தருகிறார்கள். குக்கர் வேலை செய்வது சுமார் 15 பவுண்டில்.

ஆக, எந்தப் பிளாஸ்டிக் என்பதை பொம்மை தீர்மானிப்பதில்லை, வீடு தீர்மானிக்கிறது. மொட்டை மாடியும் வறண்ட காற்றும் தகுந்த முகமூடியும் இருந்தால் பாலியூரித்தேன். கடலோர நகரம், சின்ன ஃபிளாட் என்றால் எபாக்ஸி - அதுவும் ஜன்னலைத் திறந்துவைத்து, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு.

ரயிலுக்கே காத்திருந்து பழகிய தேசம் இது. ஒரு போர்ட்டருக்காக 24 மணி நேரம் காத்திருப்பது பெரிய விஷயமில்லை.