கூடாரம் யாருடையது? விருந்து யாருக்கு?

துபாய், தோஹா, ரியாத் நகரங்களில் பெரிய ஓட்டல்களும், விருந்து நடத்திக் கொடுக்கும் கம்பெனிகளும் ஒரு சரக்கை அமோகமாக விற்கின்றன. அதற்குப் பெயர் 'பாரம்பரிய அரேபிய விருந்து'. மணல் வெளியில் கூடாரம், தரையில் சிவப்புக் கம்பளம், சாய்ந்துகொள்ளத் திண்டுகள், பித்தளை விளக்குகள், அகில் புகை, சோற்றின்மேல் முழு ஆட்டை வைத்த தாம்பாளம், வாசலில் ஒட்டகம், கையில் ராஜாளி! எந்தத் திண்டு எங்கே, எந்த விளக்கு எவ்வளவு உயரத்தில் என்று வரைபடம் போட்டுக் கொடுப்பதற்கே தனி நிபுணர்கள் உண்டு. கம்பெனி அதிபர்களும் உல்லாசப் பயணிகளும் பணத்தை வாரி இறைக்கிறார்கள்.

எவனோ எங்கோ தின்கிறான், ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதில் என்ன வந்தது என்று தோழர்கள் கேட்கலாம். வந்தது உண்டு. அந்தப் பந்தியில் பரப்பி வைத்திருப்பது அரபு நாட்டு ஏழைகளின் சொத்து. அதைப் பரிமாறும் கைகளில் நம்மவர் கைகளும் இருக்கின்றன.

நெய்தவள் எங்கே?

பதூயின்கள் எனப்படும் நாடோடி மேய்ப்பர்கள் தங்கள் கூடாரத்தை 'மயிர் வீடு' என்றே அழைத்தார்கள். வெள்ளாட்டு மயிரைத் திரித்து நூலாக்கி, தரையிலே தறி பூட்டி, பெண்கள் நெய்த துணி அது. மழை பட்டால் இழை உப்பி நெருங்கி நீரைத் தடுக்கும். ஐக்கிய அரபு எமிரேட்டின் இந்த 'ஸது' நெசவை, அவசரமாகக் காப்பாற்ற வேண்டிய கலைகளின் பட்டியலில் யுனெஸ்கோ ஸ்தாபனம் 2011இல் சேர்த்தது. தொழில் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள். விருந்துக் கூடாரங்களிலோ அந்தக் கோலத்தை அப்படியே காப்பியடித்த மில் துணி தொங்குகிறது. கோலம் விலை போகிறது. கோலம் போட்டவள் கைக்குக் காசு போகவில்லை.

காப்பிக்கும் இதே கதிதான். விருந்தாளியின் கண்ணெதிரே கொட்டையை வறுத்து, உரலில் இடித்து, ஏலக்காய் போட்டுக் காய்ச்சுவது அவர்கள் வழக்கம். உரல் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வருவார்கள். சிறு கிண்ணத்தில் கால்வாசி ஊற்றுவார்கள். போதும் என்றால் விருந்தாளி கிண்ணத்தை ஆட்டிக் காட்டுவான். 2015இல் இந்தக் காப்பி உபசரிப்பும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதில் விழும் ஏலக்காய் இன்று குவாத்தமாலாவிலிருந்து போகிறது. நம் ஏலமலையிலிருந்தும் போகிறது. விடியுமுன் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் கூலிப் பெண்களுக்கு, தாங்கள் பறித்த காய் எந்தக் கூடாரத்தில் மணக்கிறது என்று தெரியுமா?

உபசரிப்பு ஒரு சட்டம்

பதூயின் விருந்தின் உயிர் எது? ஆட்டுக்கறியா? அன்றாடம் அவர்கள் சாப்பிட்டது பாலும், பேரீச்சம்பழமும், ரொட்டியும்தான். ஆட்டை அறுப்பது எப்போதோ ஒரு நாள், அதுவும் விருந்தாளிக்காக. முன்பின் தெரியாதவன் வந்தாலும் மூன்று நாள் சோறும் தண்ணீரும் நிழலும் உண்டு. பேர் என்ன, வந்த காரியம் என்ன என்று கேட்டுத் துளைப்பது மரியாதைக் குறைவு. வீட்டுக்காரன் நின்றுகொண்டு பரிமாறுவான். விருந்தாளி உண்ட பிறகே தான் உண்பான்.

ஏன் இந்தச் சட்டம்? பாலைவனத்தில் அடுத்தவன் கூடாரம் இல்லாமல் எவனும் உயிர் பிழைக்க முடியாது. இன்று சோறு போட்டவன் நாளை வழி தவறி இன்னொருவன் வாசலில் நிற்பான். இல்லாதவர்கள் கூடிப் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது. இருந்த ஒரே குதிரையையும் அறுத்து விருந்தாளியின் பசி தீர்த்தவன் என்று ஹாத்திம் தாயின் பெயர் கதைகளில் நிலைத்ததும் அதனால்தான். இந்த விருந்துக்கு நுழைவுச் சீட்டு போட்ட அன்றே அதன் உயிர் போய்விட்டது.

பழைய அரேபியா சொர்க்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. சவுதியில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1962இல்தான். விருந்து மேசைகளில் இப்போது முத்தும் சிப்பியும் வைத்து 'முத்துக்குளிப்பு இரவு' என்று அலங்கரிக்கிறார்கள். அந்த முத்தை எடுத்தவன் கதை தெரியுமா? கோடை நான்கு மாதம், காலில் கல்லைக் கட்டி, மூக்கில் கிடுக்கி போட்டு, நாளெல்லாம் கடலில் மூழ்குவான். காலையில் கொஞ்சம் பேரீச்சம்பழமும் காப்பியும்; வயிறு நிறைந்தால் மூழ்க முடியாதென்று பிறகு இரவில்தான் சோறு. படகுத் தலைவனான நகுதாவிடம் வாங்கிய முன்பணம் தீரவே தீராது. அப்பன் செத்தால் கடன் மகன் தலையில் விழும். நமது பண்ணையாளுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல! ஜப்பானின் வளர்ப்பு முத்தும், 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார நெருக்கடியும் அந்தத் தொழிலைச் சாய்த்தன. அந்தப் பசியைத்தான் இன்று அலங்காரமாக்கி விற்கிறார்கள்.

நகுதா போனான், ஏஜெண்டு வந்தான்

கூடாரம் கட்டுவதும், கம்பளம் விரிப்பதும், தட்டு கழுவுவதும் யார்? எமிரேட்டில் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டார். இந்தியா, நேபாளம், வங்கதேசம், பிலிப்பைன்ஸ் நாடுகளிலிருந்து போன தொழிலாளர்கள் அவர்களில் லட்சோப லட்சம். வீட்டு நகையை அடகு வைத்து, ஏஜெண்டுக்குப் பணம் கட்டிப் போனவன் முதல் வருஷம் முழுவதும் அந்தக் கடனுக்கே உழைக்கிறான். நகுதாவின் கணக்குப் புத்தகம் கை மாறியிருக்கிறது, அவ்வளவே.

கத்தாரில் 2021 மார்ச் முதல் அமலுக்கு வந்த சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரியால். முதலாளி சாப்பாடு போடாவிட்டால் அதற்கென்று மாதம் 300 ரியால் தரவேண்டும். நாளுக்குப் பத்து ரியால்! ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே 300 ரியால் கேட்கும் ஓட்டல் மேசைகள் அங்கே உண்டு. ஒருவனுக்கு மாதம் முழுவதும் போதும் என்று சட்டம் வகுத்த சோறு, இன்னொருவனுக்கு ஒரு ராத்திரித் தட்டு!

'இந்த விருந்துகளால்தானே அவர்களுக்கு வேலை கிடைக்கிறது' என்பார்கள் கம்பெனிக்காரர்கள். வேலை கிடைப்பது உண்மை. ஆனால் எமிரேட்டிலும் சவுதியிலும் தொழிற்சங்கம் அமைக்கச் சட்டத்தில் இடமில்லை. கூலி பாக்கியானால் கூடிக் கேட்க வழியில்லாத வேலையை உபகாரம் என்று எப்படிச் சொல்வது? 1953இலும் 1956இலும் சவுதி எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதில் என்ன? வேலைநிறுத்தத்துக்கே தடை! அரேபியப் பாரம்பரியம் என்று ஷேக்குகளையும் ராஜாளிகளையும் காட்டுபவர்கள் இந்தப் பாரம்பரியத்தை எந்தக் கூடாரத்திலும் காட்டுவதில்லை.

நாம் விருந்துக்கு விரோதிகளல்ல. நல்ல சோறும், பாட்டும், விளக்கும் உழைப்பவனுக்கும் வேண்டும். பழைய பண்பு அங்கே செத்துப்போகவும் இல்லை. ரமலான் மாதத்தில் அபுதாபியின் ஷேக் ஜாயித் பெரிய பள்ளிவாசலில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோருக்கு நோன்பு திறக்க இலவசச் சாப்பாடு. கட்டடத் தொழிலாளியும் டிரைவரும் வரிசையாக உட்கார்ந்து உண்கிறார்கள். சீட்டு இல்லை, பேர் கேட்பதில்லை. வருஷத்தில் ஒரு மாதம் தர்மமாகக் கிடைப்பது, பன்னிரண்டு மாதமும் கூலியாகவும் உரிமையாகவும் கிடைக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

ஆகவே, விருந்தை வரைபடம் போடும் நிபுணர்களுக்கு நாம் சொல்வது இதுதான். திண்டும் விளக்கும் எங்கே என்று குறிப்பதற்கு முன் நான்கு விஷயங்களைக் குறியுங்கள். ஸது துணியை நெய்த கிழவியிடமே நியாய விலைக்கு வாங்குங்கள். பரிமாறுகிறவனுக்குக் கூலியைக் குறித்த நாளில் முழுசாகக் கொடுங்கள். அவன் ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பந்தியில் வைக்கும் அதே சோற்றை அவனுக்கும் உட்கார வைத்துப் போடுங்கள்.

பசியோடு ஒருவன் வாசலில் நிற்க, வீட்டுக்காரன் உள்ளே உட்கார்ந்து தின்றால் பதூயின் ஊரில் அவன் முகத்தில் விழிக்க மாட்டார்கள். அந்த வெட்கம் இல்லாத இடத்தில் எத்தனை விளக்கு ஏற்றினால் என்ன, அது அரேபிய விருந்து ஆகாது.