வாடகைக் கூடை



சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார் முதலிய ஊர்களிலிருந்து இலங்கையின் நுவரெலியா மலைக்கு உல்லாசப் பயணம் போய்வருவது நம்மவரிடையே ஒரு பெருமையாகிவிட்டது. போய் வந்தோர் காட்டும் படங்களில் ஒன்று தவறுவதேயில்லை. தேயிலைச் செடிகளின் நடுவே சேலை, இடுப்பில் படங்கு, தலையில் கயிறிட்டு முதுகில் தொங்கும் கூடை, முகத்தில் சிரிப்பு! அங்குள்ள விடுதிகள் சில, வருவோர்க்கு இவ்வேடத்தை அணிவித்துக் கொழுந்து பறிக்கவும் விடுகின்றன. இதற்குப் பெயர் ‘மலைநாட்டுப் பாரம்பரிய உடை’. நாமும் சென்ற ஆண்டு வாடகை கொடுத்துக் கூடை மாட்டிச் சிரித்தவர்களே. ஆதலின் பிறரைமட்டும் குறை கூறுவதாக எவரும் எண்ண வேண்டா.

எது பாரம்பரியம்? பனியில் நனைந்த செடி இடுப்பை ஈரமாக்காதிருக்கவே படங்கு. இரு கையும் கொழுந்துக்கு வேண்டுமாதலின் பாரம் தலைக்கயிற்றில். நிர்ணயித்த எடை குறைந்தால் அன்றைக்கு ‘அரைப்பேர்’, அதாவது பாதிக் கூலி. அரைப்பேர் போடும் கை அங்கே கணக்கப்பிள்ளையுடையது, இங்கே நம் போன்ற கிராணிமாருடையது, பேனா ஒன்றே. 1000 ரூபாய் நாட்கூலிக்கு அம்மக்கள் பல ஆண்டு போராடி, 2021-இல்தான் அதைப் பெற்றனர்.

அக்கூடை சுமந்தோரைத்தான் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. 1964-இல் இரு பிரதமர்கள் கூடி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். பங்கிடப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்டாரில்லை. நம்மை அழைத்துச் சென்ற வழிகாட்டி, தேயிலையின் தரம் ஒவ்வொன்றையும் விளக்கினார். இதைப்பற்றி வாய் திறக்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

மாலையில் விடுதித் தாழ்வாரத்தில் தப்படித்தார்கள், கைதட்டினோம். முற்காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு ஆள் சேர்க்க முழங்கியதும் தப்புதான். அதை அடிக்கும் வேலையை ஒரு சாதியார் தலையில் கட்டி, அவர்களைத் தனி லயத்தில் ஒதுக்கிய வழக்கமும் பாரம்பரியத்தில் சேர்ந்ததா, இல்லையா? மாசியில் லயத்து மக்கள் இரவிரவாய் ஆடும் காமன் கூத்துக்கோ பயணத்திட்டத்தில் இடமில்லை. (புராணத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை, ஆடுகிறவன் தொழிலாளி, தனக்காக ஆடுகிறான் என்பதற்காகவே குறிப்பிடுகிறோம்.)

“நாலு காசு வருகிறதே, கெடுதல் என்ன?” என்பர் சிலர். அக்காசில் கொழுந்து பறிப்பவள் மடியில் விழுவது எவ்வளவு என்று அவர்களே விசாரித்துச் சொல்லட்டும்.

ஊர் திரும்பியதும் படத்தை நம் அன்னையாரிடம் காட்டினோம். முப்பதாண்டு பால்மரம் வெட்டியவர். நெடுநேரம் பார்த்துவிட்டு, “கூடையில் எத்தனை கிலோ?” என்று மட்டும் கேட்டார். கூடை வெறுங்கூடை!

இப்போது கெடாவிலும் இத்தகைய ‘தோட்ட வாழ்க்கைக் காட்சி’ ஒன்று வைக்கலாமென நண்பர் சிலர் யோசிக்கின்றனர். நெற்றி விளக்கும், உளியும், நீளக்கைச் சட்டையும் வாடகைக்குக் கிடைக்குமாம். வைக்கட்டும். ஆனால் சட்டையில் ஒட்டுப்பால் நாற்றம் இருக்கட்டும். வாளி இரண்டிலும் பால் நிரப்பி, காண்டாவைத் தோளில் ஏற்றி, மேடும் பள்ளமுமாய் ஸ்டோர் வரைக்கும் நடக்க விடட்டும். படம் எடுப்பது அதற்குப் பிறகு.