அசல் நிலத்தில் நிற்கட்டும். நகல் வானில் பறக்கட்டும்

சென்னை மெரினாவில் 2024 அக்டோபர் 6 அன்று நடந்த விமானப்படைச் சாகசத்தில் ரஃபேல், தேஜஸ் ஆகியவற்றோடு பழைய டகோட்டா ஒன்றும் பறந்தது. அதன் மேல் எழுதியிருந்த எண் விபி 905. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவு வீரர்களை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கிய விமானத்தின் எண் அது. மெரினாவில் பறந்ததோ அதே வகையைச் சேர்ந்த வேறொரு விமானம். பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டு, 2018-இல் விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டு, அந்த எண்ணைத் தாங்கி நிற்கிறது. இதை யாரும் ஏமாற்று என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஒரு விமானம் இன்னொன்றின் நினைவைச் சுமக்கலாம் என்பதை நாம் முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டோம். அப்படியானால் அடுத்த அடியையும் துணிந்து எடுக்கலாம்: 2032-இல் வரும் விமானப்படை நூற்றாண்டு விழாவில் அதன் முதல் விமானமான வாப்பிட்டியின் நகல் ஒன்றைப் புதிதாகக் கட்டிப் பறக்கவிட வேண்டும்.

1932 அக்டோபர் 8-இல் தொடங்கப்பட்ட படைக்கு, 1933 ஏப்ரல் 1-இல் கராச்சியில் முதலில் வாய்த்தவை நான்கு வெஸ்ட்லேண்ட் வாப்பிட்டிகள். துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானங்கள் அவை. உலகில் எஞ்சியிருப்பதாக அறியப்படும் ஒரே வாப்பிட்டி டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதைப் பறக்கவைக்க முயன்றால் எஞ்சின், துணி, உத்தரங்கள் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருக்கும். பறக்கும் நாளில் அசலில் பாதிகூட மிஞ்சாது. விழுந்துவிட்டால் எதுவுமே மிஞ்சாது. அமெரிக்காவின் டாலஸ் நகரில் 2022 நவம்பர் 12 அன்று, இரண்டாம் உலகப் போர்க்கால பி-17 குண்டுவீச்சு விமானத்தோடு பி-63 போர் விமானம் மோதியதில் ஆறு பேர் இறந்தனர். அரிய விமானங்கள் இரண்டும் நொறுங்கின. 2018 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்து மலைகளில் விழுந்த யூங்கர்ஸ் 52 விமானம் 1939-இல் செய்யப்பட்டது. இருபது பேரின் உயிரைக் குடித்தது. விமானிகளின் அபாயகரமான ஓட்டுமுறையே அந்த விபத்துக்கு முதன்மைக் காரணம் என்றாலும், சிதைவுகளை ஆராய்ந்தபோது துருவும் விரிசலும் தென்பட்டன.

நகலும் விழும்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1919-இல் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியா போன விக்கர்ஸ் விமி விமானம் இன்று அடிலெய்டில் காட்சிக்கு நிற்கிறது. அதன் நகலைக் கட்டி 1994-இல் அதே பயணத்தை மறுபடி நிகழ்த்தினார்கள். சுமத்ராவில் எஞ்சின் பழுதாகி அவசரமாகத் தரையிறங்க வேண்டியதாயிற்று. வேறு எஞ்சினைப் பொருத்திக்கொண்டு பயணத்தை முடித்தார்கள். அசலிடம் இந்தத் துணிச்சலைக் காட்ட முடியாது. ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் விமானத்தின் அசல் எஞ்சின் பத்து முதல் இருபத்தைந்து மணி நேரம்தான் தாங்கும். அமெரிக்காவில் கட்டிய நகல்களில் நம்பகமான பிற்கால எஞ்சினை வைத்தார்கள். சத்தம் மாறிவிட்டதே என்று குறைப்படுவோர் உண்டு. ஓட்டுபவரின் உயிருக்கு முன் அது பெரிய குறையல்ல. ஆனாலும் நகல் என்பதால் பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தக் கூடாது. கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்காமல் விலகியே பறக்க வேண்டும்.

போலி என்று ஒதுக்குவோருக்குத் தென்பாண்டிச் சீமையே பதில் வைத்திருக்கிறது. வெள்ளையர் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் நினைவாக 1974-இல் தமிழக அரசு புதுக்கோட்டை ஒன்றைக் கட்டியது. அது கட்டபொம்மன் நின்ற சுவர் அல்ல என்று தெரிந்துதான் மக்கள் போகிறார்கள். புதியது என்று வெளிப்படையாகச் சொல்லப்படுவதால் அங்கே வஞ்சனை இல்லை. விமானத்துக்கும் அந்த நேர்மை போதும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. வாப்பிட்டி காலனிய ஆட்சியின் கருவி. வடமேற்கு எல்லையில் வஜீரிஸ்தான் பழங்குடியினர் மீது குண்டு வீசியது. இந்திய விமானிகளும் அதில் பறந்தார்கள். இதை மூடிமறைத்து விழா எடுத்தால் நகலும் பொய்யாகிவிடும். எனவே அந்தக் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அருங்காட்சியக அசலை வணங்கிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்; நகலை ஏன் கட்டினாய் என்று கேட்போம். அந்தக் கேள்வி எழுவது நல்லதுதான்.

செலவு எதற்கு, தென்காசி மாவட்டத்து மேலநீலிதநல்லூர் போன்ற மானாவாரி ஊருக்கு இதனால் என்ன என்பது கடைசிக் கேள்வி. வானில் வேடிக்கை காட்டுவதோடு முடிந்தால் ஒன்றுமில்லைதான். மெரினாவில் அன்று வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் மாண்டது வேடிக்கையின் விலையையும் காட்டியது. கட்டும் வேலையை மாணவர் கையில் கொடுத்தால் கணக்கு மாறும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் இருக்கிறது. சூலூரில் விமானப்படையின் பழுதுபார்ப்பு நிலையம் இருக்கிறது. ஓசூரில் சிறு விமானங்கள் செய்த அனுபவம் இருக்கிறது. மேலநீலிதநல்லூர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி போன்ற கிராமப்புறக் கல்லூரிகளின் மாணவர்களும் ஐ.டி.ஐ. பயிற்சியாளர்களும் இதில் சேர்க்கப்பட வேண்டும். தென் மாவட்டங்களுக்கு விமானம் அந்நியமல்ல; கயத்தாற்றில் உலகப் போர்க்கால ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. சட்டகம் பற்றவைக்கவும், இறக்கைக்குத் துணி இழுத்துத் தைக்கவும், பழைய வரைபடத்தைப் படிக்கவும் கற்றவர்களுக்கு அந்தத் தொழில் நூற்றாண்டு விழாவுக்குப் பிறகும் சோறு போடும். விழாவுக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. விமானம் கட்டி, சோதித்து, உரிமம் பெற அவை தாராளமான காலமல்ல. விமானப்படையும் மாநில அரசும் இப்போதே முடிவெடுக்க வேண்டும்.